சுவர் தாங்கும், சீலிங் தாங்குமா?

திருகோணமலையில் வீடு கட்டுகிறவர்கள் நெருப்பைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. அதில் நியாயமும் உண்டு. சீமெந்துக் கல்லும் செங்கல்லும் ஓடும் எரியாதவை. சிக்கல் திருத்த வேலையில்தான் வருகிறது. கச்சான் காலச் சூடு தாங்காமல் கூரைக்குக் கீழே சீலிங் அடிக்கப் போகிறோம், கடையில் மலிவானது எதுவோ அதையே வாங்கி வருகிறோம்.

அறையில் தீப்பிடித்தால் சூடான புகை மேலேறி, சீலிங்கின் அடியில் பரந்து நிற்கும். அதனால் சூட்டை முதலில் வாங்குவது சீலிங்தான். பிவிசி எனும் பிளாஸ்டிக் சீலிங் லேசில் பற்றாது என்று கடைக்காரர் சொல்வது பொய்யல்ல. அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின், அது சுவாலையை அடக்கும். ஆனால் 80 பாகை செல்சியஸ் அளவிலேயே பிவிசி இளகித் தொய்யத் தொடங்கிவிடும். இன்னும் சூடேறினால் அதே குளோரின், கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் அமில வாயுவாக வெளியே வரும். ரெஜிபோம் எனும் வெள்ளை நுரைப் பலகை இதைவிட மோசம். உருகி, எரிகிற துளிகளாகச் சொட்டும்.

ஜிப்சம் பலகை நடந்துகொள்ளும் விதமே வேறு. தொட்டால் காய்ந்த பலகைதான், ஆனால் ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 21 சதவீதம் அதன் படிகத்துக்குள் கட்டுண்ட நீர். சூடு ஏறும்போது அந்த நீர் பிரிந்து ஆவியாகும். ஒரு லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கு மேல், அதை முழுதாக ஆவியாக்கத் தேவை. உலையில் தண்ணீர் இருக்கும்வரை சட்டி அடிப்பிடிக்காது அல்லவா, அதுபோல நீர் தீரும்வரை பலகையின் மறுபக்கம் 100 பாகையை ஒட்டியே நிற்கும். நீர் போனபின் பலகை சுருங்கி வெடிப்பு விடும். அதைத் தாமதப்படுத்தத்தான் தீத்தடுப்புப் பலகையில் கண்ணாடி இழை சேர்க்கிறார்கள். ஒன்று, மாரியில் ஒழுகும் கூரைக்குக் கீழே ஜிப்சம் போடாதீர்கள், ஊறிப்போகும்.

எரியாதது எல்லாம் தாங்கும் என்றும் நம்பக்கூடாது. இரும்பு உருக 1500 பாகை வேண்டும், ஆனால் 600 பாகையிலேயே அதன் பலத்தில் பாதி போய்விடும். மொத்தமான முதிரை வளை எரியும்தான். ஆனால் வெளியே உண்டாகும் கரி உள்மரத்தைக் காப்பதால், அரை மணி நேரத்தில் ஒரு பக்கத்தில் சுமார் 15 மில்லிமீற்றரே போகும். மெல்லிய பலகைக்கு இந்தச் சலுகை இல்லை. கொங்கிறீட்டில் கம்பிக்கு வெளியே விடும் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கொங்கிறீட்டின் தடிப்பு, உப்புவெளி, நிலாவெளிக் கடற்காற்றின் துருவிலிருந்து மட்டுமல்ல, தீயிலிருந்தும் கம்பியைக் காக்கும். மேசன் அதைக் குறைக்க விடாதீர்கள்.

அஸ்பெஸ்டோஸ் சீற் எரியாது, ஆனால் சூட்டில் வெடித்துச் சிதறும். சிதறிய துண்டுகளைக் காய்ந்தபடி கூட்டினால் இழைகள் நெஞ்சுக்குள் போகும். நனைத்துத்தான் எடுக்க வேண்டும். கிடுகு பற்றிச் சொல்லத் தேவையில்லை. விருந்தினர் குடிலுக்கு அழகுதான், குசினிக்கு மேலே மட்டும் வேண்டாம்.

அப்புறம், எந்தப் பலகை அடித்தாலும் வயர் போக வெட்டிய ஓட்டைகளைச் சுற்றிப் பூசி அடைக்கச் சொல்லுங்கள். சூடான புகை கூரைக்குள் ஏற அந்த இடைவெளி போதும்.