சில மனக்காயங்கள் ஆற ஏன் இவ்வளவு நாளாகிறது?

நாயைக் கண்டாலே நடுங்குகிற ஒருவரின் பயத்தை ஒரே அமர்வில், சுமார் மூன்று மணி நேரத்தில், பெருமளவு குறைத்துவிடலாம். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1989இல் விவரித்த முறை இது. அதே ஆலோசனை அறைக்கு, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணத்தோடு வரும் இன்னொருவருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். முதல் நாள் இருவரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை நாள்ல சரியாகும்?"

மனதைரியம் இருப்பவர் சீக்கிரம் மீள்வார், பெரிய துன்பம் என்றால் நாளாகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை இரண்டுமே அவ்வளவாகப் பொருந்துவதில்லை. விபத்தில் மயிரிழையில் உயிர்தப்பியவர்களில் பலர் சில மாதங்களில் தாங்களாகவே தேறிவிடுகிறார்கள். ஆனால் சிறுவயது முழுக்க மட்டம் தட்டப்பட்டே வளர்ந்த ஒருவர், "எனக்குப் பெருசா ஒண்ணும் நடக்கலையே" என்று தானே சொல்லிக்கொண்டு, நடுவயதிலும் தடுமாறுகிறார். அதனால் காயம் எவ்வளவு பெரியது என்பதில் நான் அதிக நேரம் செலவிடுவதில்லை. இன்றைக்கும் அதை ஆறவிடாமல் வைத்திருப்பது எது என்று தேடுவதில்தான் முதல் சில அமர்வுகள் போகும்.

அப்படித் தேடும்போது அடிக்கடி அகப்படுவது தவிர்த்தல். பயம் தருகிற இடத்துக்குப் போகாமல் இருந்தால் அந்த நிமிடமே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே அடுத்த முறையும் தவிர்க்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. தவிர்த்துக்கொண்டே இருப்பவருக்கு, 'போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது' என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே வருவதில்லை. 1940களிலேயே மவ்ரர் என்ற உளவியலாளர் இந்தச் சுழலை விளக்கிவிட்டார். நாய் பயத்தில் எதைத் தவிர்க்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும், அதனால் வேலை சுலபம். ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயில் தவிர்த்தல் மனதுக்குள்ளேயே நடக்கலாம். கதவைப் பூட்டினேனா என்று மனதில் ஓட்டிப் பார்ப்பதும், கெட்ட எண்ணத்தை ஒரு 'நல்ல' எண்ணத்தால் அழிப்பதும்கூட அந்த வகைதான். பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது.

வீட்டார் பாசத்தில் செய்கிற உதவியும் இதில் சேர்ந்துவிடும். "கேஸ் ஆஃப் பண்ணியாச்சா?" என்று மகள் இருபதாவது முறை கேட்கும்போதும் அம்மா பொறுமையாக "ஆமாம்மா, பண்ணியாச்சு" என்கிறார். அந்த நேரத்துக்கு மகளின் பதற்றம் அடங்குகிறது, நோய் இன்னும் கொஞ்சம் வேரூன்றுகிறது. இதை வீட்டாரிடம் சொல்லிப் புரியவைப்பது சிகிச்சையில் பாதி வேலை.

பயம் குறைந்தபின் திடீரென ஒருநாள் திரும்பி வந்தால், "எல்லாம் வீணாப்போச்சு" என்று பலர் உடைந்துபோகிறார்கள். சிகிச்சையால் பழைய பய நினைவு அழிவதில்லை. 'இது ஆபத்தில்லை' என்ற புதிய பாடம் அதற்குப் பக்கத்தில் உருவாகிறது, அவ்வளவுதான். தூக்கம் கெட்ட நாளிலோ பழக்கமில்லாத இடத்திலோ பழையது மேலே வரலாம். ஆனால் இரண்டாவது முறை சரியாவதற்குப் பெரும்பாலும் முதல் முறை அளவுக்கு நாளாவதில்லை.

இன்னும் முடியாமல் நடந்துகொண்டிருக்கும் துன்பங்கள் வேறு மாதிரி. அடிக்கிறவரோடு ஒரே வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு மூச்சுப்பயிற்சி மட்டும் சொல்லித் தந்து அனுப்புவது அநியாயம் என்பேன். அவருடைய பதற்றத்தை நோய் என்று எப்படிச் சொல்வது? அது எச்சரிக்கை. அங்கே முதல் சிகிச்சை பாதுகாப்பு.

காணாமல்போனவருக்காகக் காத்திருக்கும் குடும்பத்தின் நிலையும் அப்படித்தான். அழுது முடிக்கவும் முடியாது, நம்பிக்கையை விடவும் முடியாது. மறதி நோயால் மனைவியையே அடையாளம் தெரியாமல் போன கணவரைப் பார்த்துக்கொள்பவரும் ஆள் எதிரில் இருக்கும்போதே இழந்துகொண்டிருக்கிறார். பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். கருச்சிதைவு, வெளியில் சொல்ல முடியாத உறவின் முறிவு போன்றவற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை, விடுப்பும் கிடைப்பதில்லை. மறுநாளே சாதாரணமாக நடமாட வேண்டியிருக்கிறது.

துக்கத்துக்குக் கால அளவு உண்டா என்று கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு 6 மாதத்தையும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருடத்தையும் குறிப்பிடுகின்றன. அதன்பிறகும் அன்றாட வாழ்வே ஸ்தம்பிக்கும் அளவுக்குத் துக்கம் தீவிரமாக நீடித்தால் 'நீடித்த துக்கக் கோளாறு' என்று பார்க்கச் சொல்கின்றன. அழுகையை நிறுத்த வைத்த கெடு என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

எல்லாவற்றிலும் அதிக நாள் பிடிப்பது, சின்ன வயதில் தொடங்கி வருடக்கணக்கில் நீடித்த காயம். உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின் 2022இல் நடைமுறைக்கு வந்த பதிப்பான ஐசிடி-11 இதைச் சிக்கலான பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு) என்று தனியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. நடந்தது கண்முன் திரும்ப வருவது, நினைவூட்டுபவற்றைத் தவிர்ப்பது, எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்திருப்பது ஆகியவற்றோடு, உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்க முடியாமை, தன்னைப் பற்றிய ஆழமான தாழ்வெண்ணம், உறவுகளில் நெருக்கம் கடினமாவது ஆகிய மூன்றும் இதில் சேர்ந்திருக்கும்.

இங்கே ஏன் நாளாகிறது? விபத்துக்குள்ளானவருக்குத் திரும்பிப்போக ஒரு பழைய 'நான்' இருக்கிறது. இவருக்கு அப்படி ஒன்று இல்லை, முதல் முறையாக உருவாக்க வேண்டும். அதுவும் இன்னொரு மனிதரை நம்பி. அடிபட்டதே அந்த நம்பிக்கைதானே! அதனால் ஆரம்ப மாதங்களில் சிலர் தாமதமாக வருவார்கள், சொல்லாமல் நின்றுவிடுவார்கள், சின்ன வார்த்தைக்குக் கோபப்படுவார்கள். ஒத்துழைப்பு இல்லை என்று இதைக் குறித்து வைக்கிற ஆலோசகர் அவசரப்படுகிறார் என்றே எனக்குத் தோன்றும். 'இவராவது கைவிடாமல் இருப்பாரா' என்று சிகிச்சைக்கு வந்தவர் சோதித்துப் பார்க்கிறார்.

எது முதலில் தேறும் என்பதிலும் ஒரு வரிசை உண்டு. அமெரிக்க உளவியலாளர் கென்னத் ஹோவர்டும் அவரது குழுவினரும் 1993இல் சொன்னபடி, முதலில் நம்பிக்கை திரும்புகிறது, அப்புறம் அறிகுறிகள் குறைகின்றன, வேலையும் உறவும் கடைசியில்தான் சீராகின்றன. நான்காவது அமர்வில் மனம் லேசானதும் "சரி, போதும்" என்று நிறுத்திக்கொள்பவர்கள் பெரும்பாலும் முதல் கட்டத்தில் நிற்கிறார்கள். மாத்திரையிலும் இதே கதைதான். மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். நன்றாக ஆனபிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். பலர் அதற்கு முன்பே தாங்களாக நிறுத்திவிட்டு, நோய் திரும்பியதும் மருந்தைக் குறை சொல்கிறார்கள்.

நாளாகும் என்பதற்காக எதுவும் மாறாமலே வருடக்கணக்கில் வந்துபோகத் தேவையில்லை. ஆறு, எட்டு அமர்வுகள் ஆகியும் துளி மாற்றமும் இல்லையென்றால் உங்கள் ஆலோசகரிடம் நேராகக் கேளுங்கள்: எந்த முறையில் போகிறோம், எது மாற வேண்டும், கண்டறிந்தது சரிதானா? தைராய்டு குறைபாடு மனச்சோர்வு போலவே தோன்றலாம். அதீத உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் பைபோலார் நோயை வெறும் மனச்சோர்வாக எண்ணிச் சிகிச்சை தருவதும் நடக்கிறது. தினமும் குடிப்பவருக்குப் பதற்றம் அடங்குவது கடினம். ஓசிடிக்காக வந்து, பயப்படும் சூழலைப் படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சியே இல்லாமல் வாராவாரம் பேசிவிட்டு மட்டும் போகிறீர்களா? அதையும் கேளுங்கள், அல்லது இன்னொருவரிடம் கருத்துக் கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் அடுத்த அமர்வுவரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், தனியாகப் போகாதீர்கள்.