கயாக்கை வண்டியில் ஏற்றும் முன்: நீலகிரியிலிருந்து கடலைப் படிப்பது

நாடுகாணி இறக்கத்தில் வண்டி இறங்கத் தொடங்கிவிட்டால் முடிவு பாதி எடுத்தாகிவிட்டது என்று பொருள். லீவு போட்டாயிற்று, ஐஸ் பெட்டி நிரப்பியாயிற்று, கூரையில் துடுப்புப் போட்டுப் போகும் சிறு படகான கயாக்கைக் கட்டியாயிற்று. ஐந்து மணி நேரம் கழித்து கேரளத்தின் பேப்பூர் கரையில் நிற்கும்போது அலை சரியில்லை என்று தெரிந்தாலும், "இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு மணி நேரம் போயிட்டு வந்துடலாம்" என்றுதான் வாய் சொல்லும். கடற்கரையிலேயே குடியிருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. இன்று இல்லையென்றால் நாளை என்று வீட்டுக்குப் போய்விடுவார். ஊட்டி, குன்னூர், கோத்தகிரியிலிருந்து தூண்டிலோடு கடலுக்கு இறங்குகிறவர்கள் போகலாமா வேண்டாமா என்பதை மலையில் இருக்கும்போதே, முந்தைய நாள் மாலையிலேயே முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்னறிவிப்பைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும்.

பெரும்பாலானோர் கடல் முன்னறிவிப்பு ஆப்பைத் திறந்ததும் பார்ப்பது ஒரே ஓர் எண்ணை: அலை உயரம். "0.9 மீட்டர்தானே, இடுப்பு அளவுகூட இல்லை" என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்த எண் வரப்போகும் ஒவ்வொரு அலையின் உயரமும் அல்ல, மிகப் பெரிய அலையின் உயரமும் அல்ல. கடந்துபோகும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக் கணக்கிட்ட சராசரி அது. ஏறக்குறைய நூறு அலைக்கு ஒன்று அந்த எண்ணைப்போல் ஒன்றரை மடங்கு எழும்பும். 0.9 மீட்டர் என்று போட்டிருந்தால் நடுநடுவே 1.3, 1.4 மீட்டர் அலை நிச்சயம் உண்டு. அதுவும் ஆழ்கடல் உயரம். கரையை நெருங்கி உடையும்போது என்ன ஆகும் என்பதை அடுத்த எண்தான் சொல்லும்.

அந்த அடுத்த எண் பீரியட். ஓர் அலையின் முகடு கடந்து அடுத்த முகடு வர எத்தனை விநாடி ஆகிறது என்பது. ஆழ்கடலில் அலையின் நீளம் கிட்டத்தட்ட பீரியடை அதனாலேயே பெருக்கி, மேலும் 1.56-ஆல் பெருக்கினால் வரும் மீட்டர். 6 விநாடி அலைக்கு 56 மீட்டர். 15 விநாடி அலைக்கு 350 மீட்டர். நீளத்தில் பாதி ஆழம் வரை அலை தரையை உணரும் என்பதால், 15 விநாடி அலை 175 மீட்டர் ஆழத்திலேயே அடியைத் தொட்டு, வேகம் குறையத் தொடங்கி, கரையை நெருங்க நெருங்க எழும்புகிறது. கரையை நேராக நோக்கி வரும் 1 மீட்டர் அலை 6 விநாடி பீரியடில் உடையும்போது சுமார் 1.25 மீட்டர், அதே 1 மீட்டர் 15 விநாடியில் வந்தால் சுமார் 1.8 மீட்டர். ஆப்பில் இரண்டும் "1 மீட்டர்" என்றுதான் இருக்கும். முன்னதில் நனைவீர்கள். பின்னதில் கயாக் தலைகீழாகப் புரளும்.

நீண்ட பீரியட் அலையில் இன்னொரு வஞ்சகம் உண்டு. அது கூட்டம் கூட்டமாக வரும். நான்கைந்து பெரிய அலை, பிறகு பல நிமிடம் ஒன்றுமே இல்லாத அமைதி. அந்த அமைதியில் கரைக்கு வந்து நிற்கிறவர் "கடல் ஏரி மாதிரி இருக்கு" என்று கயாக்கை இறக்குவார். உடையும் பகுதியின் நடுவில் இருக்கும்போது அடுத்த கூட்டம் வந்து சேரும்.

இதன் கடுமையான வடிவம்தான் கேரளக் கரையில் கள்ளக்கடல் என்று சொல்லப்படுவது. தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் புயல் கிளப்பிய அலை நாளொன்றுக்கு சுமார் 1,000 கி.மீ. வேகத்தில் பல நாட்கள் பயணம் செய்து நம் கரையை அடைகிறது. இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். 2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. கள்ளக்கடல் அதிகம் வருவது ஏப்ரல், மே மாதங்களில். ஊட்டி சீசன் கூட்டத்துக்குப் பயந்து உள்ளூர்க்காரர்கள் கீழே இறங்கும் மாதங்களும் அவைதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். அந்த இரண்டு மாதமும் உயரத்தைப் பார்க்கும் முன் பீரியடைப் பாருங்கள்.

சில ஆப்கள் ஸ்வெல் (தொலைவில் கிளம்பி வரும் அலை) என்றும் காற்றலை (அங்கேயே வீசும் காற்று எழுப்பும் அலை) என்றும் இரண்டு வரி காட்டும். இரண்டையும் கூட்டக் கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 0.8 மீட்டர் ஸ்வெல், 0.6 மீட்டர் காற்றலை என்றால் மொத்தம் 1 மீட்டர். ஆனால் இரண்டும் வெவ்வேறு திசையிலிருந்து வந்தால் கணக்கை மறந்துவிடுங்கள். குறுக்கலையில் முகடுகள் மோதி எங்கே கூம்பாக எழும் என்று சொல்ல முடியாது. தூண்டில் இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் கயாக்குக்கு அதைவிட மோசமான தண்ணீர் இல்லை.

திசையைப் படிப்பதில் ஒரு சின்னக் கண்ணி. காற்றும் அலையும் எங்கிருந்து வருகின்றன என்பதைத்தான் முன்னறிவிப்பு சொல்லும். நீரோட்டம் எங்கே போகிறது என்பதைச் சொல்லும். தென்மேற்கு அலை, தெற்கு நீரோட்டம் என்று இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். எதிர் நீரோட்டத்தில் அலை குறுகி, செங்குத்தாகிவிடும். நேரத்தையும் சரிபாருங்கள். சில பக்கங்கள் உலக நேரத்தில் காட்டும், அதோடு 5.30 மணி கூட்டினால்தான் நம் நேரம். காலை 6 மணி என்று நினைத்துப் பார்த்தது உண்மையில் 11.30 மணியின் கடலாக இருக்கலாம்.

எந்தக் கரைக்குப் போவது என்பதைத் திசையும் பருவமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தேவாலாவும் பந்தலூரும் மழையில் ஊறிக்கொண்டிருக்கும்போது மலபார் கரையில் கயாக் இறக்குவது பற்றிய பேச்சே வேண்டாம். அந்த மாதங்களில் தூரம் அதிகமானாலும் ராமேஸ்வரம் பக்கம் வாய்ப்பு உண்டு. அங்கே ஒரே தீவுக்கு இரண்டு கடல். தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடாவான தென்கடல் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கமான வடகடல் ஒதுங்கியிருக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்றில் இது அப்படியே மாறும். வடகடலில் ஸ்வெல் நுழைவது குறைவு என்பதால் ஆப் எப்போதும் சின்ன எண்ணையே காட்டும். அதை நம்பி ஏமாற வேண்டாம். ஆழம் குறைந்த கடல் அது. 0.7 மீட்டர், 4 விநாடி என்று வந்தால் உடையும் அலை பெரிதாக இருக்காது, ஆனால் உள்ளே போனபின் சுவர் சுவராக, மூச்சுவிட நேரம் தராமல் மடியில் வந்து விழும். கரையைக் கடக்க நீண்ட பீரியட் ஆபத்து, கடலில் உட்கார்ந்திருக்கக் குறுகிய பீரியட் ஆபத்து. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு அருகே போகக் கூடாது, அது தடைசெய்யப்பட்ட பகுதி. ராமேஸ்வரத்தில் சர்வதேச எல்லையும் பக்கத்திலேயே இருக்கிறது. கரையோரக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு இறங்குவதே முறை.

காற்றுக்கு வருவோம். 10 நாட் வரை, அதாவது மணிக்கு சுமார் 18 கி.மீ. வரை பொதுவாகச் சமாளிக்கலாம். அதைத் தாண்டினால் கடல் முழுக்க வெள்ளை நுரை தெரியத் தொடங்கும். மீன்பிடிக் கயாக் அகலமானது, கனமானது. நிதானமாகத் துடுப்புப் போட்டால் மணிக்கு 5 கி.மீ. போகும். 15 நாட் எதிர்க்காற்றில் அதில் பாதிகூடத் தேறாது. பகல் ஏற ஏறக் கடல்காற்று எழும்பும் என்பதால் விடியலில் இறங்கி 10 மணிக்குள் கரையேறும் கணக்கில் திட்டமிடுங்கள்.

கடல்காற்றாவது கரைக்குத் தள்ளும். தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றுதான் உயிரை எடுப்பது. அதில் கரையோர நீர் தட்டையாக, அழகாக இருக்கும். அரை கிலோமீட்டர் தாண்டியதும்தான் காற்றின் பலம் தெரியும், அப்போது திரும்புவது எதிர்க்காற்றில். நீலகிரிக்குத் தெற்கே இருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் கிழக்குக் காற்று மேற்கே பாய்கிறது. அதன் வாயில் இருப்பது பொன்னானி. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம், கோவை, பாலக்காடு வழியாகப் பொன்னானிக்குப் போகிறவர்கள் அந்த மாதங்களில் அலை எண்ணைவிடக் காற்றின் திசைக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். கிழக்கு, 12 நாட் என்றிருந்தால் வீட்டிலேயே இருங்கள்.

முகத்துவாரத்தில் இறங்கினால் அலையைக் கடக்காமல் போகலாம் என்று சிலர் பேப்பூரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாதி உண்மை. நீர் வற்றும் நேரத்தில் ஆறு வெளியே பாயும். உள்ளே வரும் அலையோடு அது மோதும் இடத்தில் ஒரு மீட்டர் ஸ்வெல்கூட நின்று உடையும். இங்கே மலைக்காரர்களுக்கு ஒரு வசதி: கூடலூர், பந்தலூர்ப் பக்கம் கொட்டிய மழையின் பெரும்பங்கு பாண்டியாறு, புன்னம்புழா வழியே சாலியாற்றில் சேர்ந்து பேப்பூரில்தான் கடலைத் தொடுகிறது. மேலே இரண்டு நாள் பெருமழை என்றால் கீழே முகத்துவாரத்தில் இழுவை அதிகம், மிதக்கும் கட்டைகளும் உண்டு. ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்து, வெளியே போவதையும் திரும்புவதையும் ஏற்றத்தின் கடைசி ஒரு மணி நேரத்தையொட்டி வையுங்கள்.

முன்னறிவிப்பை எங்கே பார்ப்பது? ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், அலை உயரம், பீரியட், ஸ்வெல், கள்ளக்கடல் எச்சரிக்கை எல்லாவற்றையும் இலவசமாகத் தருகிறது. சமுத்ரா என்ற அவர்களுடைய ஆப் போதும். கூடவே விண்டி என்ற வானிலை ஆப்பில் இரண்டு முன்னறிவிப்பு மாடல்களை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும், ஒன்று 0.6, மற்றொன்று 1.2 என்றால் பெரியதையே உண்மை என்று கொள்ளுங்கள். ஐந்து நாளுக்கு முன் பார்ப்பது போக்கு தெரிந்துகொள்ள மட்டும். முந்தைய நாள் மதியமும் இரவும் பார்ப்பதுதான் கணக்கு. எண்கள் ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போனால் இன்னும் ஏறும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: "மீனவர்களுக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை" என்ற செய்தியைப் பச்சைக்கொடியாக எடுத்துக்கொள்வது. வானிலைத் துறை மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லும் நாட்களில் காற்று பெரும்பாலும் மணிக்கு 45 கி.மீ.யை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். நம் வரம்பு அதில் பாதிகூட இல்லை. படகுகளுக்கான எச்சரிக்கை வருவதற்கு வெகு முன்பே கயாக்குக்குக் கடல் மூடிவிடுகிறது.

நாங்கள் பழகுநர்களுக்குச் சொல்லும் எல்லை இது. திறந்த கரையில் அலை 0.6 மீட்டருக்குள், பீரியட் 10 விநாடிக்குள், காற்று 8 நாட்டுக்குள். அலையைக் கடந்து பழகியவர்களுக்கு 0.9 மீட்டர், 12 நாட். பீரியட் 14 விநாடியைத் தாண்டினால், உயரம் என்னவாக இருந்தாலும் யாருக்கும் இல்லை. ஏரியில் எத்தனை வருடம் துடுப்புப் போட்டிருந்தாலும் உடையும் அலைக்கு அது அனுபவமாகாது. கவிழ்ந்த கயாக்கில் திரும்ப ஏறுவதை மட்டும் மேலேயே, அனுமதி உள்ள நீர்நிலையில், குளிரைப் பொறுத்துக்கொண்டு பழகிவிடலாம்.

புறப்படும்போது கயாக்கின் உள்ளறையை மூடும் ஹேட்ச் மூடியைத் தளர்த்தி, நீர் வடிக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கீழிருந்து ஊட்டிக்கு வரும் சிப்ஸ் பாக்கெட் ஊதிக்கொள்வது தெரியுமல்லவா, இறங்கும்போது அதற்கு எதிர்மாறாக நடக்கும்: 2,200 மீட்டரில் அடைபட்ட காற்றைக் கடல் மட்டத்தின் அழுத்தம் நசுக்கும், பிளாஸ்டிக் உடல் குழிந்து ஹேட்ச் திறக்க வராது. காற்றடைக்கும் கயாக்கைக் கரையில் அழுத்தம் பார்த்தே நிரப்ப வேண்டும். இறக்கும் முன் பிளக்கைத் திரும்ப மாட்ட மறக்கிறவர்கள் உண்டு; பிளக்கைக் கழற்றியதும் லைஃப் ஜாக்கெட் பையிலேயே போட்டுவையுங்கள்.

முடிந்தால் முதல் நாள் இரவே கரையோரம் தங்குங்கள். விடியலில் வந்ததும் கயாக்கை இறக்காமல் கடலைப் பாருங்கள். 8 விநாடி அலைக்கு நூறு அலை கடக்கப் பதின்மூன்று நிமிடம், 12 விநாடிக்கு இருபது நிமிடம். நூறில் வரும் அந்தப் பெரிய ஒன்றைக் கண்ணால் காணாமல் இறங்கக் கூடாது. கரையில் நிற்கும் மீனவர்களிடம் கேளுங்கள். அவர்கள் இறக்கவில்லை என்றால் நீங்களும் இறக்காதீர்கள்; அவர்கள் இறக்கினால் அது எஞ்சின் உள்ளவர்களுடைய முடிவு, உங்களுடையது அல்ல. நுரை இல்லாமல் கருத்து, அமைதியாகத் தெரியும் இடைவெளி பெரும்பாலும் வெளியிழுக்கும் நீரோட்டம். வெளியே போக அது வழி தரும், திரும்ப அது வழியல்ல.

தூண்டில்களைப் படுக்கவைத்துக் கட்டி, முட்களை மூடி, சுக்கானைத் தூக்கிவிட்டு, துடுப்பின் கயிற்றை அவிழ்த்த பிறகே அலைக்குள் நுழைய வேண்டும். உடையும் நீரில் தளர்ந்த கயிறு கழுத்தையும் சுற்றும், காலையும் சுற்றும். பெரிய கூட்டத்தின் கடைசி அலை உடைந்ததும் கயாக்கின் மூக்கை நேராக வைத்து நிறுத்தாமல் துடுப்புப் போடுங்கள். திரும்பும்போது அலைக்கு வெளியே காத்திருந்து, ஓர் அலையின் முதுகைத் தொடர்ந்து வாருங்கள். அலைக்கு முன்னால் மாட்டிக்கொண்டால் கயாக் பக்கவாட்டில் திரும்பும். திரும்பிவிட்டால் அலைப் பக்கம் சாயுங்கள். கவிழ்ந்துவிட்டால் கயாக்கின் கடல் பக்கமாக நில்லுங்கள். தண்ணீர் நிறைந்த கயாக்கும் கரையும் நடுவில் உங்களை வைத்து மோதிக்கொள்ள விடக் கூடாது.

கரையில் ஒருவரிடம் எந்த இடத்தில் இறங்குகிறீர்கள், எத்தனை பேர், கயாக்கின் நிறம், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். அந்த நேரம் கடந்து ஒரு மணி நேரம் ஆகியும் தகவல் இல்லையென்றால் அவர் அழைக்க வேண்டிய எண்கள் அதே தாளில் இருக்கட்டும்: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் 1093. போன் நீர் புகாத உறையில், ஐஸ் பெட்டிக்குள் அல்லாமல், உங்கள் உடம்போடு கட்டியிருக்க வேண்டும்.