‘ரிப்’ என்பதற்குக் ‘கிழிப்பு’ பொருந்துமா?

இணையத்தில் திருட்டுத்தனமாக ஏற்றப்படும் படக்கோப்புகளின் பெயர்களில் ‘டிவிடிரிப்’, ‘வெப்ரிப்’ என்று வரும் ‘ரிப்’ என்ற சொல்லை, அண்மைக்காலமாகச் சிலர் ‘கிழிப்பு’ என்று பெயர்த்து எழுதுகிறார்கள். சென்ற வாரம் ஒரு கட்டுரையில் ‘டிவிடி கிழிப்பு’ என்ற தொடரைக் கண்டபின், இதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் இச்சொல் தொடக்கத்தில் தையலைப் பிரிப்பதைக் குறித்தது. இதனோடு ஒப்பிடப்படும் பிளெமிய மொழிச் சொல்லுக்கு, முரட்டுத்தனமாக உரித்தெடுத்தல் என்று பொருள். இசைவட்டிலிருந்து பாடல்களைக் கணினிக்கு எடுக்கும் வழக்கத்தோடு இது பரவி, பின்னர் படக்கோப்புகளுக்கும் வந்தது.

துணியைக் கிழித்தால் துணி பாழாகிறது. ஆனால் டிவிடியிலிருந்து படத்தை எடுத்த பிறகு வட்டில் ஒரு கீறல்கூட விழுவதில்லை. வட்டிலுள்ள படம் சிஎஸ்எஸ் என்னும் பூட்டுக்குள் இருக்கிறது. 1999இல் வெளிவந்த டிசிஎஸ்எஸ் என்ற நிரல் அப்பூட்டைத் திறந்துவிட்டது. பூட்டை நீக்கி, உள்ளிருக்கும் படத்தை வெளியே எடுத்து, பெரும்பாலும் அதைச் சுருக்கிச் சிறிய கோப்பாக்குகிறார்கள். மட்டையை நீக்கித் தேங்காயை எடுப்பதை எந்த ஊரிலாவது கிழித்தல் என்கிறோமா? உரித்தல் என்றுதானே சொல்கிறோம். ஆகவே ‘உரிப்பு’ என்பதே தக்க சொல். அது கொச்சையாக ஒலிக்கிறது என்போர், சிவபெருமான் யானையை உரித்துத் தோலைப் போர்த்ததைத் தேவாரம் எத்தனை இடங்களில் பாடுகிறது என்று பார்க்கட்டும். ‘பிரித்தெடுப்பு’ என்று சொல்வோரும் உண்டு. படத்திலிருந்து ஒலியை மட்டும் தனியே எடுப்பதற்கு அச்சொல் வேண்டியிருப்பதால், அதை இங்கே செலவிடக் கூடாது.

அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிடும் மொழிபெயர்ப்பாளர்கள், வேறுபட்ட பொருள்களையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஓடிடி தளத்தின் கோப்பை மறுபடி சுருக்காமல் அப்படியே இறக்கியது ‘வெப்-டிஎல்’. ஓடும் படத்தைப் பதிவுசெய்தோ மீண்டும் சுருக்கியோ உண்டாக்கியது ‘வெப்ரிப்’. முன்னதை வலையிறக்கம் என்றும் பின்னதை வலையுரிப்பு என்றும் சொல்லலாம். ‘கேம்ரிப்’ என்பதிலோ ஆங்கிலப் பெயரே பிழையானது. அரங்கில் கேமராவால் திரையைப் படம்பிடிக்கும்போது உரிப்பதற்கு ஒன்றுமே இல்லை. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத் திருத்தம், அனுமதியின்றி இவ்வாறு பதிவுசெய்வதற்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. சட்டமே பதிவு என்று சொல்லும் செயலை நாமும் ‘அரங்கப் பதிவு’ என்று எழுதுவதே முறை.

இவற்றினும் என்னை வருத்துவது, இக்கோப்புகளின் பெயர்களில் வரும் ‘ப்ராப்பர்’ என்ற குறிக்கு ‘முறையான’ என்று எழுதுவது. முதலில் வந்த கோப்பில் குறை இருந்ததால், இவ்வாறு திருட்டுத்தனமாகப் படங்களை ஏற்றும் வேறொரு குழு சரிசெய்து வெளியிட்டது என்பதே அக்குறியின் பொருள். ‘முறையான கோப்பு’ என்று படிப்பவர், உரிமம் பெற்று வெளியான படம் என்றே எண்ணுவார். ‘திருத்திய கோப்பு’ என்று எழுதினால் அந்த மயக்கம் எழாது.