சொல் விளக்கம்: அவுட்பேஷண்ட் ஸ்பைனல் ஃபியூஷன்

உசிலம்பட்டியிலிருந்து பெரியம்மா போன் செய்தார். "ஏப்பா, குறுக்கு வலிக்கு ஓ.பி.யிலயே ஆபரேஷன் பண்ணிரலாமாம். காலைல சீட்டுப் போட்டா சாயங்காலம் பஸ்ஸப் பிடிச்சு வந்துரலாம்ல?" மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை கொடுத்த துண்டறிக்கை அவர் கையில் இருந்தது. 'புறநோயாளி முறையில் குறைந்த ஊடுருவல் முதுகெலும்பு இணைவு' என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். ஸ்பைனல் ஃபியூஷன் என்பது அடுத்தடுத்த முள்ளெலும்புகளை ஒரே எலும்பாக்கும் அறுவை. பெரியம்மா சரியாகத்தான் படித்தார். சொல்தான் அவரைத் தப்பான இடத்துக்குக் கூட்டிப்போனது.

புறநோயாளி யார் என்பதில் நம் ஊரில் யாருக்கும் குழப்பமில்லை. கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில் காலையில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்துவிட்டு மாத்திரையோடு திரும்புகிறவர். அமெரிக்காவில் அவுட்பேஷண்ட் அதைவிட அகலமான சொல். உள்நோயாளியாக முறைப்படி சேர்க்கப்படாத எவரும் அதில் அடக்கம். முழு மயக்கத்தில் அறுவை செய்து, கண்காணிக்க ஓர் இரவு படுக்கவைத்தால்கூடக் கணக்கில் அவர் அவுட்பேஷண்டாகவே இருக்கலாம். இந்தியக் காப்பீட்டு விதிகள் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கின்றன. முன்பு ஒரு நாளுக்கு மேல் தங்கவேண்டியிருந்து, இப்போது தொழில்நுட்பத்தால் 24 மணி நேரத்துக்குள் முடிகிற அறுவை 'டே கேர்', வழக்கமாக ஓ.பி.யில் பார்க்கிற வைத்தியம் அதில் சேராது. ஆகவே இங்கே தமிழாக்க வேண்டியது டே கேரைத்தான். 'அன்றே வீடு திரும்பும் அறுவை' என்பேன். நீளம்தான், ஆனாலும் கேட்டவுடன் "அன்னைக்கே போகலாமா?" என்று கேட்கவைக்கும்.

துண்டறிக்கை 'குறைந்த ஊடுருவல்' என்று சொன்ன மினிமலி இன்வேசிவ் என்பதிலும் சிக்கல் உண்டு. இன்வேசிவ், படையெடுத்து நுழைவதைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. 'ஊடுருவல்' என்றால் நமக்கு எல்லைக்காவல்தான் நினைவுக்கு வருகிறது. 'சிறுகீறல் அறுவை' எளிது. ஆனால் கீறல் சிறிது என்பதற்காக அறுவையும் சிறிது என்று எண்ணிவிடக் கூடாது. தசையை எலும்பிலிருந்து உரிக்காமல், அதன் நார்களை விலக்கிக் குழாய் வழியே உள்ளே போகிறார்கள். அதனால் ரத்த இழப்பும் வலியும் குறையும். உள்ளே நடப்பதோ அதே வேலை: முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டை (டிஸ்க்) எடுப்பது, எலும்புத்துண்டு வைப்பது, திருகாணி முடுக்குவது.

ஃபியூஷனின் இலத்தீன் வேருக்கு உருக்கி வார்த்தல் என்று பொருள். உலோகம் உருகும், எலும்பு உருகாது. 1911இல் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸும் ஃபிரெட் ஆல்பியும் தனித்தனியே இந்த அறுவையை அறிமுகப்படுத்தினார்கள். காசநோய் அரித்த முதுகெலும்பை நிலைநிறுத்துவது ஆல்பியின் நோக்கம். அதற்காகக் கால் எலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பதித்தார். இன்றைய திருகாணியும் கம்பியும் எலும்பு ஒன்றாகும்வரை அசையாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. அதற்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும். நத்தம் பக்கம் ஒட்டு மாங்கன்று கட்டுகிறவரைக் கேளுங்கள்: கட்டுவது அவர் கை, 'பிடிப்பது' மரத்தின் வேலை. முறிந்த எலும்பைப் பற்றி நாம் "கூடிருச்சா?" என்றுதான் விசாரிக்கிறோம். கூடல் என்று பழம்பெயர் கொண்ட ஊர்க்காரனுக்கு அந்தச் சொல்லை விட மனமில்லை. ஆனால் அதைப் பெயராக்கினால் எலும்புக்கூடு வந்து நிற்கிறது. ஆகவே மருத்துவர் செய்வது 'முள்ளெலும்புப் பிணைப்பு'. பிறகு உடம்பில் நடப்பது 'கூடுவது'.

இனி அந்த 'அன்றே'. அன்றே வீடு திரும்பியவர்களுக்கும் மருத்துவமனையில் தங்கியவர்களுக்கும் பெரிய வேறுபாடில்லை என்று ஆய்வுகள் சொல்வதுண்டு. அன்றே அனுப்பப்படுகிறவர்கள் பெரும்பாலும் இளையவர்கள், இதயமும் நுரையீரலும் நன்றாக உள்ளவர்கள், ஓரிடத்தில் மட்டும் பிணைப்புத் தேவைப்படுகிறவர்கள். பொறுக்கியெடுத்தவர்களின் கணக்கை எல்லோருக்கும் நீட்ட முடியாது. ரத்தம் கட்டி நரம்பை அழுத்தினால் கால் வலுவிழக்கும், உட்காரும் இடம் மரத்துப்போகும், சிறுநீர் கட்டுப்படாது. அப்போது சில மணி நேரத்துக்குள் மறுபடி திறக்க வேண்டும். கழுத்தில் முன்பக்கமாகச் செய்த பிணைப்பில் வீக்கம் மூச்சையே அடைக்கலாம். நள்ளிரவில் ஸ்கேனும் தியேட்டரும் எங்கே இருக்கின்றன, அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரம் என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

பெரியம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, பிணைக்க வேண்டியது இரண்டு இடத்தில். டாக்டர் மூன்று இரவு தங்கச் சொன்னார். முதல் இரவு ஒரு மணிக்கு அவருக்குச் சிறுநீர் பிரியாமல் அடிவயிறு கல்லாக இறுகியது. நர்ஸம்மா வந்து டியூப் போட்டார், டூட்டி டாக்டர் இரண்டு பாதங்களையும் மேலே மடக்கச் சொல்லிப் பலம் பார்த்தார். வீட்டில் இருந்திருந்தால் அந்த நேரத்தில் நாற்பது கிலோமீட்டருக்குக் கார் தேடியிருப்போம்.

எட்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இரண்டு இடத்திலும் முள்ளெலும்புகளுக்கு நடுவே வெள்ளையாகப் பாலம் தெரிந்தது. டாக்டர் பேனா முனையால் அதைத் தொட்டு, "ஃபியூஸ் ஆயிருச்சு" என்றார். பெரியம்மா என் பக்கம் திரும்பி, "கூடிருச்சாப்பா?" என்று கேட்டார்.