சைஸ்: எண் வேறு, அளவு வேறு

ஹட்டன் கடைத்தெருவில் சப்பாத்து வாங்கப் போனால் "எத்தனையாம் நம்பர்?" என்பார்கள். துணிக்கடையில் "என்ன சைஸ்?" என்பார்கள். தையல்காரர் இரண்டையும் கேட்பதில்லை. "அளவு எடுக்கவா, அளவுச் சட்டை கொண்டுவந்தீங்களா?" என்பார். மூன்று கேள்வியும் ஒன்றுபோலத் தோன்றும். கடையில் போட்டுப் பார்த்து வாங்கும்வரை அப்படி நினைத்துக்கொள்வதால் நட்டமும் இல்லை. கைப்பேசியில் படத்தைப் பார்த்து ஓடர் போட்டு, வந்த சட்டை தோளில் ஏறாமல் நிற்கும்போதுதான் நம்பரும் சைஸும் அளவும் தனித்தனி என்பது உறைக்கும்.

சைஸ் ஆங்கிலச் சொல். ஆங்கிலத்துக்குள் அது வந்த வழி சுவையானது. இலத்தீனில் ‘அசிதேரே’ என்றால் பக்கத்தில் அமர்தல். அதன் வழியே பழைய பிரெஞ்சில் ‘அசீஸ்’ என்ற சொல் பிறந்தது. முதலில் அமர்வு, அடுத்து நீதிமன்ற அமர்வு, அதற்கடுத்து அந்த அமர்வு இடும் சட்டம் என்று அதன் பொருள் நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரொட்டிக்கும் பியருக்கும் இப்படியொரு ‘அசைஸ்’ இருந்தது. கோதுமை விலை ஏறினால் ஒரே காசுக்கு விற்கும் ரொட்டி எவ்வளவு எடை குறையலாம், இறங்கினால் எவ்வளவு கூட வேண்டும் என்று அது வகுத்தது. நாளடைவில் முதல் அசை உதிர்ந்து ‘சைஸ்’ மிஞ்சியது. ஆக, சட்டம் நிர்ணயித்த அளவு என்பதே அதன் பழைய பொருள். பெரிது, சிறிது என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது.

சட்டைக் கழுத்தில் இருக்கும் எம், எல், எக்ஸ்எல் இன்றும் அந்தப் பழைய பொருளில்தான் நிற்கின்றன. ஒரு வேறுபாடு: ரொட்டிக்குச் சட்டம் போட்டது அரசு, சட்டைக்குப் போடுவது அந்தந்த நிறுவனம். தேயிலைத் தொழிற்சாலையில் தூளை பீஓபீ, பீஓபீஎஃப், டஸ்ட் என்று தரம் பிரிப்பது சல்லடைக் கண்ணை வைத்து. எம்முக்கும் எல்லுக்கும் எல்லாருக்கும் பொதுவான அப்படியொரு சல்லடை இல்லை. ஒரு நிறுவனத்தின் எல் இன்னொன்றின் எம்மைவிடச் சிறியதாக இருந்தால் அதில் வியப்பும் இல்லை, ஏமாற்றும் இல்லை.

தமிழில் என்ன சொல்வது? ‘அள’ என்ற வினையடியில் பிறந்தவை அளத்தல், அளவை, அளவு. இலக்கணத்தில் எழுத்தின் ஓசை நீள்வதைச் சொல்லும் ‘அளபெடை’யும் இதே குடும்பம். ‘பருமன்’ என்று சிலர் எழுதுகிறார்கள். நம் பாடசாலைப் பாடநூலில் அது விசையின் பருமன், பேச்சிலோ உடம்பு பெருத்திருப்பது. இரண்டும் சட்டைக்கு ஆகாது. ‘பரிமாணம்’ நீளம், அகலம், உயரம் என்ற திசைகளைக் குறிப்பது. ‘அளவு’தான் சரி. ஆனால் அந்த ஒரு சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டால் குழப்பம் திரும்பவும் வரும். எனவே மூன்றாகப் பிரித்துச் சொல்வது நல்லது. நாடாவை உடம்பில் சுற்றி எடுப்பது உடலளவு. தைத்து முடித்த துணியில் எடுப்பது ஆடையளவு. லேபிளில் அச்சிட்டிருக்கும் 40, எல், 8 போன்றவை அளவெண். சைஸ் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த அளவெண்தான்.

இணையக் கடையின் அளவுப் பட்டியலைத் திறந்ததும் பார்க்க வேண்டியது அதில் இருப்பது உடலளவா ஆடையளவா என்பதை. மார்பு 96 என்று போட்டிருக்கிறது, உங்கள் மார்பும் 96 சென்ரிமீற்றர். அது உடலளவுப் பட்டியல் என்றால் அந்தச் சட்டை உங்களுக்கானது. ஆடையளவுப் பட்டியல் என்றால் பொத்தான் பூட்டி மூச்சு விட முடியாது. நெய்த துணிச் சட்டைக்கு உடலளவைவிட 8 முதல் 12 சென்ரிமீற்றர் தளர்வு வேண்டும். இழுபடும் டீசேர்ட்டுக்கு 4 முதல் 8 போதும். ஸ்வெட்டருக்கு மேல் போடும் ஜாக்கெட்டுக்கு 15 முதல் 20 வரை விட வேண்டும். கொழும்பில் இருப்பவர் இந்தக் கடைசிக் கணக்கை மறந்தாலும் பிழையில்லை. நுவரெலியாவிலோ கந்தப்பளையிலோ இருப்பவர் மறந்தால் ஜனவரியில் ஜாக்கெட் ஆணியில்தான் தொங்கும்.

பட்டியலில் மார்பு 52 என்று கண்டால் அது குழந்தைச் சட்டை அல்ல. துணியைத் தட்டையாக விரித்து ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளந்த பாதி அளவு, இரட்டித்தால் 104 சென்ரிமீற்றர். 40 என்று இருந்தால் பெரும்பாலும் அங்குலம். டேப்பின் ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் சென்ரிமீற்றரும் இருப்பதால் பிழையான பக்கத்தைப் படிப்பது அடிக்கடி நடப்பது. பழைய டேப்பைப் பிள்ளைகளின் 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தோடு ஒருமுறை ஒட்டிப் பாருங்கள். இழுத்து இழுத்து நீண்டிருந்தால் உடம்பைக் குறைத்துக் காட்டும்.

சீனாவிலிருந்து வரும் உடுப்பில் 170/92ஏ போன்ற குறி இருந்தால் அதை நம்பலாம். அந்நாட்டுத் தரப்படி முதல் எண் உயரம், இரண்டாவது மார்புச் சுற்றளவு, இரண்டுமே சென்ரிமீற்றரில், இரண்டுமே உடலளவு. கடைசி எழுத்து மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசம். ஆண்களுக்கு ஏ என்றால் 12 முதல் 16 சென்ரிமீற்றர், பி என்றால் 7 முதல் 11. வயிறு கொஞ்சம் முன்னால் இருப்பவர் பி தேட வேண்டும். பக்கத்திலேயே பெரிதாக அச்சிட்ட எக்ஸ்எல்லைவிட இந்தச் சின்ன எழுத்து பயனுள்ளது. சிறுவர் உடுப்பில் 120, 130 என்று இருப்பதும் பிள்ளையின் உயரம். வயதை வைத்து வாங்குவதைவிடச் சுவரில் நிறுத்திக் கோடு போட்டு அளந்து வாங்குவது எவ்வளவோ மேல்.

இவ்வளவு கணக்கையும் தவிர்க்க ஒரு வழி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: தையல்காரர் கேட்கும் அந்த அளவுச் சட்டை. அலமாரியில் உங்களுக்கு மிகப் பொருத்தமான சட்டையை எடுத்து, பொத்தான்களைப் பூட்டி, மேசையில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். அக்குளுக்கு அக்குள், தோள் தையலுக்குத் தோள் தையல், கழுத்தடியிலிருந்து கீழ் ஓரம், தோளிலிருந்து கைநுனி என்று நான்கு அளவு எடுங்கள். அவற்றை ஆடையளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எல்லாம் ஒரே வரிசையில் பொருந்தாவிட்டால் தோளையும் மார்பையும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். நீளத்தையும் கையையும் ஊர்த் தையல்காரர் குறைத்துத் தருவார். தோளைப் பிரித்துத் தைக்கச் சொன்னால் முகம் சுளிப்பார், அவரிடம் நியாயமும் இருக்கிறது. களிசானுக்கும் இதே முறைதான். இடுப்பு, தொடை, உள்தையல் நீளம் மூன்றையும் பழைய களிசானில் எடுக்க வேண்டும். 32 என்று எழுதிய களிசானின் இடுப்புப் பட்டி அளந்தால் 33, 34 அங்குலம் வருவது சாதாரணம்.

இனி சப்பாத்து நம்பர். சப்பாத்தே போர்த்துக்கேயரின் ‘சபாத்து’ தந்த சொல், களிசானும் அவர்கள் வழி வந்ததுதான். கடைப் பலகையில் ‘பாதணி’ என்று எழுதுகிறோம், பேச்சில் சப்பாத்தும் செருப்பும். நம்பரின் கதைக்குத் தானியம் வேண்டும். பிரித்தானிய அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரு வாற்கோதுமை மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றிலொன்று, 8.47 மில்லிமீற்றர். நமக்கு இது அந்நியமல்ல. எட்டு எள் ஒரு நெல், எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண் என்பது நம் பழைய நீட்டலளவை. பிரித்தானியர் மூன்று வாற்கோதுமை மணியை நீளவாக்கில் வைத்து அங்குலம் கண்டார்கள். ஐரோப்பிய எண் வேறு கணக்கு, ஒரு படி சென்ரிமீற்றரில் மூன்றில் இரண்டு, 6.67 மில்லிமீற்றர். இரண்டும் படிக்குப் படி பொருந்தாததால்தான் ஒரே 6ஐ ஒரு கடை 39 என்றும் இன்னொரு கடை 39 அரை என்றும் போடுகிறது.

இந்த இரண்டு எண்ணும் அளப்பது பாதத்தை அல்ல, சப்பாத்து செய்யும் அச்சுக்கட்டையை. அது பாதத்தைவிட ஒன்றரை முதல் 2 சென்ரிமீற்றர் நீளம். பாதம் 24.5 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். ஒன்றரை கூட்டினால் 26. அதை ஒன்றரையால் பெருக்கினால் ஐரோப்பிய 39. 26 சென்ரிமீற்றர் 10.24 அங்குலம். மூன்றால் பெருக்கி 25ஐக் கழித்தால் 5.7, பிரித்தானிய ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில். அமெரிக்க எண் ஆண்களுக்கு அதிலிருந்து ஏறக்குறைய ஒன்று கூடும், பெண்களுக்கு இரண்டு. சீனப் பெட்டியில் 245 என்று மில்லிமீற்றரில் பாத நீளமே இருக்கும். பெட்டியில் அது இருந்தால் மற்ற எண்களைப் பார்க்கவே வேண்டாம்.

பாதத்தைச் சாயங்காலத்தில் அளக்க வேண்டும். மலையில் நாள் முழுக்க ஏறி இறங்கிய கால் அந்நேரம் வீங்கியிருக்கும், சப்பாத்து தாங்க வேண்டியது அந்தக் காலைத்தான். சமமான சீமெந்துத் தரையில் சுவரோரம் கடதாசி வைத்து, போடப்போகும் காலுறையோடு குதிகாலைச் சுவரில் ஒட்டி, எடை முழுவதும் அந்தக் காலில் விழும்படி நில்லுங்கள். மிக நீண்ட விரலின் நுனியில் பென்சிலை நேராகப் பிடித்துக் குறியுங்கள். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். பென்சில் உள்நோக்கிச் சாய்ந்தால் 5 மில்லிமீற்றர்கூடக் குறையும், அது அரை நம்பருக்கு மேல். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுங்கள்.

விரலுக்கு முன்னால் 10 மில்லிமீற்றர் இடம் வேண்டும். சமதரையில் அரை நம்பர் குறைந்தாலும் சமாளிக்கலாம். லயத்திலிருந்து பிரதான வீதிக்குப் படியிறங்கும்போது கால் முழுவதும் முன்னால் சரிந்து, நகம் முனையில் இடித்துக் கறுத்துவிடும். வெறுங்காலிலும் பாட்டாவிலும் நடந்து பழகிய பாதம் முன்பக்கம் அகன்றிருக்கும். அதற்கு நீளத்தைக் கூட்டினால் குதிகால் கழன்று கொப்புளம் வரும். அகல வார்ப்பு உள்ள சப்பாத்தைத் தேட வேண்டும், பட்டியலில் அது ஈ, ஈஈ என்று இருக்கும். கம்பூட்ஸ் பெரும்பாலும் முழு நம்பரில் மட்டுமே வருவதால் இடைப்பட்ட காலுக்கு மேல் நம்பரும் தடித்த காலுறையும். வளர்கிற பிள்ளைக்கு ஒன்றேகால் சென்ரிமீற்றருக்கு மேல் இடம் விட வேண்டாம். இரண்டு வருடம் போடட்டும் என்று பெரிதாக வாங்கினால் நடை கெடும், சப்பாத்தும் மடிந்து முன்னதாகவே பிய்யும்.

பார்சல் தோட்டத்துக்குள் வராமல் நகரத்துக்கு வந்து எடுக்கச் சொல்வது பல இடங்களில் வழக்கம், திருப்பி அனுப்பவும் அதே பயணம். அதனால் வந்ததும் லேபிளைக் கிழிக்காமல் பாயில் நின்று போட்டுப் பாருங்கள். அடிப்பாகத்தில் செம்மண் ஒட்டினால் திருப்பி எடுக்கமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், விற்பவருக்கு அனுப்பும் செய்தியில் "அண்ணே, எம் சைஸ் இருக்கா?" என்று கேட்காதீர்கள். இருக்கு என்றே பதில் வரும். "அண்ணே, எம் சட்டையை விரிச்சு வச்சா அக்குளுக்கு அக்குள் எத்தனை இஞ்ச், தோள் எத்தனை? டேப் வச்சு ஒரு படம் அனுப்புங்க" என்று கேளுங்கள்.