இணையப் பாதுகாப்புத் துறைக்கு மாற விரும்புவோர் மீண்டும் ஓர் இளநிலைப் பட்டம் படிக்க வேண்டுமா?

வேறு பாடத்தில் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் வேலையும் பார்த்துவிட்டு, இணையப் பாதுகாப்புத் துறைக்கு மாற நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். கணினி அறிவியலில் இன்னோர் இளநிலைப் பட்டம் படிப்பதா, அல்லது இணையப் பாதுகாப்பில் நேரடியாக முதுநிலைப் பட்டத்துக்குச் சேர்ந்துவிடுவதா? நிறுவனங்களின் கணினிகள்மீது தாக்குதல் நடக்கிறதா என்று கவனிக்கும் பாதுகாப்புக் கண்காணிப்பு மையங்களுக்கு ஆள் தேர்வு செய்யும் பணியில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோருக்கு இரண்டாவது இளநிலைப் பட்டம் தேவையில்லை. ஆனால் அந்தப் பட்டத்தில் கற்பிக்கப்படும் நான்கைந்து அடிப்படைப் பாடங்கள் எல்லோருக்கும் தேவை.

நேர்காணலில் நான் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி எளிமையானது. உலாவியில் ஒரு முகவரியைத் தட்டச்சு செய்தது முதல் அந்தப் பக்கம் திரையில் தோன்றுவது வரை என்னென்ன நடக்கிறது? தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் வழியாக ஐபி முகவரி கிடைப்பது, தரவைக் கொண்டுசெல்லும் டிசிபி இணைப்பு உருவாவது, தளம் உண்மையானதுதானா என்று காட்டும் டிஎல்எஸ் சான்றிதழ் சரிபார்க்கப்படுவது என்று வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர், ஒவ்வொரு கட்டத்திலும் தாக்குபவர் எங்கே குறுக்கிட முடியும் என்பதையும் சற்று யோசித்துச் சொல்லிவிடுவார். முதுநிலைப் பட்டத்துடன் வந்து, அனுமதியோடு தாக்கிப் பார்த்து ஓட்டைகளைக் கண்டறியும் ஊடுருவல் சோதனைக் கருவிகளின் பெயர்களைச் சரளமாக அடுக்கும் சிலர் இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். இதற்குக் கல்லூரியை மட்டும் குறை சொல்ல முடியாது. இயங்குதளம், கணினி வலையமைப்பு, தரவுக் கட்டமைப்பு ஆகியவற்றை மாணவர் முன்பே படித்திருப்பார் என்று வைத்துக்கொண்டுதான் இரண்டாண்டு முதுநிலைப் பாடத்திட்டம் தொடங்குகிறது. தகவலை மறைத்து எழுதும் முறைகளான குறியாக்கவியலின் ஆசிரியர் எண் கோட்பாட்டுக்குள் விரைவாகச் சென்றுவிடுவார். தீநிரல் (கேடு விளைவிக்கும் மென்பொருள்) பகுப்பாய்வு வகுப்போ சி நிரல்மொழியும், இயந்திர மொழிக்கு நெருக்கமான அசெம்பிளியும் அறிந்தவர்களை மனத்தில் வைத்து நடத்தப்படும்.

அப்படியானால் இளநிலையையே மீண்டும் படித்துவிடலாமே என்று தோன்றலாம். ஆனால் நான்காண்டு பி.இ. படிப்பின் முதலாண்டு, முன்பே படித்த கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றிலேயே பெரும்பாலும் கழியும். கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் லேட்டரல் என்ட்ரி எனப்படும் நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கையில் பி.இ. படிப்புக்குள் நுழையத் தமிழ்நாட்டில் வழி இருக்கிறது. அப்போதும் மூன்றாண்டுகள் ஆகும். இருபத்தொரு வயதில், குடும்பப் பொறுப்பு ஏதும் இல்லாதவருக்கு அது பொருந்தக்கூடும். முப்பதை நெருங்குபவர் அந்த மூன்றாண்டுச் சம்பளத்தையும் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவே பலர் கவனிக்காத ஒரு படிப்பு எம்.சி.ஏ. எனப்படும் கணினிப் பயன்பாட்டியல் முதுநிலைப் பட்டம். 2020-21 முதல் இது இரண்டாண்டுப் படிப்பாகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருந்தால் பி.எஸ்சி., பி.காம்., பி.ஏ. பட்டதாரிகளும் இணைப்புப் பாடங்களுடன் சேரலாம். அடிப்படைப் பாடங்கள் பாடத்திட்டத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன. முடிக்கும்போது கையில் இருப்பது முதுநிலைப் பட்டம். 'சைபர் செக்யூரிட்டி' என்ற பெயரைத் தாங்கிய, ஆய்வகமே இல்லாத ஒரு எம்.எஸ்சி. படிப்பைவிட, பாதுகாப்பை விருப்பப் பாடமாக எடுத்துப் படித்த எம்.சி.ஏ. பட்டதாரியையே நான் விரும்புவேன்.

முதல் பட்டம் வீணாகிவிட்டது என்ற எண்ணத்தோடு வருபவர்களிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்போடு இணைந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனியாக இருந்ததால் அவை பாதிக்கப்படவில்லை என்றும் தெரிவித்தது. இத்தகைய ஆலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளைப் பாதுகாப்பது தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. ஆலை இயந்திரங்களை இயக்கும் சிறு கணினியான பிஎல்சி எப்படி இயங்குகிறது, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைப் புதுப்பிப்புக்காக ஏன் நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது என்பதை அனுபவத்தில் அறிந்த மின் பொறியாளருக்கு வலையமைப்புப் பாதுகாப்பைக் கற்றுத்தருவது, மென்பொருள் மட்டுமே தெரிந்தவருக்கு ஆலையைக் கற்றுத்தருவதைவிட எளிது. பி.காம். படித்துத் தணிக்கையில் பழகியவருக்கும் இங்கே இடம் உண்டு. பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிச் செயல்பாட்டுப் பதிவுகளை (லாக்) 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. அத்தகைய விதிகள் பின்பற்றப்படுவதைச் சரிபார்க்கவும், தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 27001 தணிக்கைக்கு நிறுவனத்தைத் தயார்செய்யவும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள்; அவர்கள் நிரல் எழுத வேண்டியதில்லை.

சான்றிதழ்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அனுபவமுள்ள பாதுகாப்பு வல்லுநர்களுக்கான, பலரும் குறிவைக்கும் சிஐஎஸ்எஸ்பி சான்றிதழுக்கு ஐந்தாண்டுப் பணி அனுபவம் வேண்டும். தொடர்புடைய பட்டம் ஒன்று இருந்தால் அதில் ஓராண்டு மட்டும் குறையும். அது இளநிலையா, முதுநிலையா என்பதால் சலுகை மாறாது. இரண்டு பட்டங்கள் இருந்தாலும் இரண்டாண்டு குறையாது.

வெளிநாடு செல்ல நினைப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அமெரிக்காவில் வேலை பார்க்க உதவும் எச்-1பி விசாவில் ஆண்டு வரம்பான 65,000 போக, அந்நாட்டில் முதுநிலையோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கென 20,000 இடங்கள் தனியே உண்டு. அங்கே இரண்டாவது இளநிலை படிப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே அமெரிக்கா என்று முடிவு செய்துவிட்டவர் முதுநிலையைத் தேர்வதே பொருத்தம். ஆனால் மூன்றாண்டு இந்தியப் பட்டத்தைப் பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டத்துக்கு இணையாக ஏற்பதில்லை என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பக்கம் சாய்வது என்று இன்னமும் தெரியாதவர்களுக்கு நான் சொல்லும் வழி செலவில்லாதது. பொறியியல் முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் இணையப் பாதுகாப்புக்கெனத் தனித் தாள் கிடையாது, எம்.டெக். சேர்க்கைக்கு முயல்வோர் பெரும்பாலும் கணினி அறிவியல் தாளைத்தான் எழுதுகிறார்கள். அந்தத் தாளின் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இயங்குதளம், வலையமைப்பு ஆகிய இரண்டு பகுதிகளை மட்டும் எடுத்து, வேலையை விடாமல் ஆறு மாதம் படித்துப் பாருங்கள். விடைகள் பிடிபடத் தொடங்கினால், இரண்டாவது இளநிலைப் பட்டத்தில் உங்களுக்குத் தேவையானதில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே படித்துவிட்டீர்கள் என்று பொருள், முதுநிலைக்கு விண்ணப்பிக்கலாம். ஆறு மாதத்துக்குப் பிறகும் ஒன்றும் விளங்காமல், ஆனால் ஆர்வம் மட்டும் குறையாமல் இருந்தால், ஆசிரியர் துணையோடு முறையாகப் படிக்கும் எம்.சி.ஏ. அல்லது லேட்டரல் என்ட்ரி உங்களுக்கு உரியது. படிக்கவே சலிப்பாக இருந்தால், கல்விக் கடனுக்கு வங்கியை அணுகுவதைச் சற்றுத் தள்ளிவையுங்கள்.