டாலரில் வாங்கி ரூபாயில் விற்றால்: அண்டி ஆபீஸின் அபாயக் கணக்கு

மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் பக்கத்து அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், உடைபடும் முந்திரிக்கொட்டையில் கணிசமான பங்கு ஐவரி கோஸ்ட், பெனின், தான்சானியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலேறி வருவது. பன்னாட்டு நிறுவனங்கள் அந்நிய நாட்டில் சந்திக்கும் அபாயங்கள் அத்தனையும் இந்தத் தொழிலிலும் உண்டு, தொகைதான் சிறியது.

முதலில் டாலர். 20 அடி கன்டெய்னரில் 50 பவுண்டு பெட்டிகள் 700 ஏறும். மொத்தம் 35,000 பவுண்டு முந்திரிப்பருப்பு ஏற்றுமதி. பவுண்டு 3 டாலர் என்று வைத்தால் 1,05,000 டாலர். பணம் வருவதற்குள் டாலர் ஒரு ரூபாய் இறங்கினால் 1,05,000 ரூபாய் போச்சு. ஆனால் கொட்டையையும் டாலரில் வாங்கியவருக்கு அங்கே செலவு குறையும், ஓரளவு சமனாகிவிடும். டாலர் ஏறினால் உண்மையில் மாட்டிக்கொள்பவர், டாலரில் கொட்டை வாங்கிப் பருப்பை உள்நாட்டிலேயே விற்பவர். ஏற்றுமதிக்காரருக்குத்தான் டாலர் பயம் என்ற பேச்சு பாதிதான் சரி.

இப்படி டாலரில் வாங்கி உள்நாட்டில் விற்பவர் வங்கியில் ஃபார்வர்டு ஒப்பந்தம் போட்டு, மூன்று மாதம் கழித்துக் கட்டவேண்டிய டாலருக்கு இன்றே விலை பேசி முடிக்கலாம். அது இன்றைய விலையைவிடப் பொதுவாகச் சற்றுக் கூடுதலாக இருக்கும். டாலர் ஏறும் என்ற வங்கியின் ஊகம் அல்ல அது. இரு நாட்டு வட்டி விகிதங்களுக்கு இடையிலான வித்தியாசம். சரக்கு வராமல் போனால் ஒப்பந்தத்தை ரத்து செய்து வித்தியாசத்தைக் கட்ட நேரலாம். பல நாடுகளில் கிளை உள்ள நிறுவனம் எல்லாக் கிளைகளின் வரவையும் செலவையும் கழித்து, மிச்சத்துக்கு மட்டும் ஃபார்வர்டு போடும். ஒற்றை ஆலைக்கு அந்த வசதி இல்லை.

அடுத்தது தரம். 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்பதுதான் அவுட்டர்ன். 48 என்று பேசி 46 வந்தால் டன்னுக்கு 25 பவுண்டு பருப்பு நஷ்டம். ஈரம் கூடினால் கடலிலேயே பூஞ்சை பிடிக்கும். எல்சி (ஆவணங்கள் சரியாக இருந்தால் விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி தரும் உறுதி) திறந்தாயிற்றே என்று நிம்மதியாக இருக்க முடியாது: எல்சிக்கான சர்வதேச விதித்தொகுப்பான யுசிபி 600-இன்படி வங்கி காகிதத்தைத்தான் பார்க்கும், கொட்டையை அல்ல. ஆகவே சரக்கைச் சோதிக்கும் சர்வேயரின் சான்றிதழை எல்சி கேட்கும் ஆவணங்களில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஏற்றும் துறைமுகத்துச் சோதனையா, இறக்கும் துறைமுகத்துச் சோதனையா, எது இறுதி என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பெரும்பாலான தகராறு இங்கேதான் முளைக்கிறது.

அரசுகள் தரும் அதிர்ச்சி வேறு வகை. 2018 நவம்பரில் தான்சானியா அரசு, தனியார் வியாபாரிகள் தந்த விலை போதாதென்று விளைச்சலைத் தானே வாங்கி, ராணுவத்தை இறக்கியது. இதற்கு ஃபார்வர்டு உதவாது. மேற்கு ஆப்பிரிக்கப் பருவத்துக்கும் கிழக்கு ஆப்பிரிக்கப் பருவத்துக்கும் கொள்முதலைப் பிரித்துவைப்பதே வழி.

பருப்பை ஏற்றுமதி செய்பவருக்கு மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இசிஜிசியின் காப்பீடு உண்டு. வாங்குபவர் திவாலானாலும், அவர் நாட்டில் போர் மூண்டு பணம் நின்றாலும் பெரும்பகுதி ஈடு கிடைக்கும். ஆனால் தரம் சரியில்லை என்று அவர் தகராறு கிளப்பினால், அது தீரும்வரை ஈடு நிற்கும். ஆகவே கன்டெய்னர் கிளம்பும் முன் ஒவ்வொரு லாட்டிலும் மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, பணம் கைக்கு வரும்வரை பத்திரப்படுத்த வேண்டும்.